கற்பூர வீட்டுத் தாசில்தார்

ஒத்தவாய்க்கால் உப்பளத்தில் உப்பு எங்களிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்டது கைரேகையை. அது அரசாங்கத்துக்கே தெரியும். ரேஷன் கடை மிசினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, "உமக்கு ரேகையே விழலியே வேய், நீரு உசிரோடதான் இருக்கீரா?" என்று கடைக்காரர் கேட்பதும், நாங்கள் எங்களையே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு "இருக்கோம்னுதான் நெனைக்கோம்" என்பதும் பழகிப்போன சங்கதி. அடுத்தபடியாகக் கண்ணில் பாதியை எடுத்துக்கொண்டது. வெள்ளைப் பாத்தியில் விழுந்து எழும்புகிற வெயிலை முப்பது வருஷம் பார்த்தவனுக்கு, எதிரே வருவது ஆளா, ஆட்டுக்குட்டியா, காற்றில் ஆடுகிற சேலையா என்று பக்கத்தில் வந்தால்தான் பிடிபடும். அதற்கும் பிறகு ஒரு சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை, உப்பு எங்கள் வாசனையை எடுத்துக்கொண்டது. அதை எந்த மிசினும் கண்டுபிடிக்கவில்லை. நாய்கள்தான் கண்டுபிடித்தன.

நான் சொல்வதில் பாதி புளுகு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இந்தக் கதையில் அந்தப் பாதி எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை.

அன்றைக்குக் கொம்பையா உப்பு வாரிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தான். பதினோரு வருஷமாக அவன் தட்டில் மிஞ்சியதைத் தின்று, அவன் செருப்பின்மேல் தலைவைத்துத் தூங்குகிற அவன் வீட்டுப் பெட்டை நாய், எழுந்து, முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, ஒரு பேச்சும் இல்லாமல் அவன் கெண்டைக்காலைக் கவ்வியது.

"ஏ மூதி, நான்தாம்ட்டி! கொம்பையா!" என்று அவன் நாயிடம் முறையாகப் பேர் சொல்லிக் கத்தினான்.

உள்ளே அடுப்பில் இருந்த அவன் பெஞ்சாதி சீனியம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அது சரியாத்தான் கடிக்கும். நீரு எந்த வீட்டுக்குப் போயிட்டு வாரீரு?"

நாய் ஆளை எப்படிக் கண்டுகொள்கிறது என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வேதனை விளங்காது. நடையைக் கேட்கும், குரலைக் கேட்கும், உருவத்தைப் பார்க்கும், ஆனால் கையெழுத்துப் போடுவது மூக்குதான். வீட்டு ஆள் தெருமுனை திரும்பும்போதே காற்றில் அவன் வந்துவிடுவான். மதுரையிலிருந்து பெரியப்பா மகன் வருகிறான் என்று வையுங்கள், அந்த நாய் அவனை ஜென்மத்தில் பார்த்ததில்லை, ரெண்டு குரை குரைக்கும், கிட்டே வந்து கால்சட்டையை முகர்ந்து பார்க்கும், வியர்வைக்கு அடியில் அதே குடும்பத்து மணம் ஒரு நூல் ஓடுவது அதற்குத் தெரியும், "சரிதான், நம்ம வகையறா" என்று ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். "இது அவன் இல்லை" என்று மூக்கு சொல்லிவிட்டால், கண்ணும் காதும் ஆயிரம் சாட்சி சொன்னாலும் நாய் நம்பாது. கொம்பையாவின் நடை அதுதான், குரல் அதுதான், உருவம் அதுதான். மூக்குக்கு மட்டும் அங்கே யாருமே இல்லை. ஆள் இல்லாத இடத்திலிருந்து கொம்பையாவின் குரல் வந்தால் எந்த நாய்தான் கடிக்காது?

வைகாசிக்குள் பாத்தி மிதிக்கிற அத்தனை பேருக்கும் போய்விட்டது. தலையணையில் மணம் இல்லை, அவிழ்த்துப் போட்ட சட்டையில் மணம் இல்லை, கைப்பிள்ளைகள் தாயின் மாரில் வாயை வைத்துவிட்டு, இது வேறு யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டன. அளத்தில் இறங்காத டீக்கடை மாதவன் ஒருத்தர்தான் ஊரில் ஆள்மாதிரி மணந்தார். நாற்பது நாயும் அவர் பின்னாலேயே சுற்றின. "ஒரு டீ போட விடுதா பாருங்க அண்ணாச்சி, எல்லாத்துக்கும் நான் மாமன் மச்சான் ஆயிட்டேன்" என்று பெருமையும் எரிச்சலுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்களோ பாதிநாள் வீட்டுக்குள் போகமுடியாமல் வாசலில் நின்றார்கள். கடிபட்டவர்களுக்கு ஊசி போட்டுப் போட்டு ஆஸ்பத்திரி நர்சம்மா, "ஒங்க ஊர்ல நாய்க்கு வெறியா, ஆளுக்கு வெறியா?" என்று கேட்டாள்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். தலைவர் பரமார்த்தலிங்கம் நடுவில் உட்கார்ந்திருக்க, ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அளத்துக்குப் போவதை நிறுத்தலாம் என்று ஒருத்தன்கூடச் சொல்லவில்லை, நாயைக் கொன்றுவிடலாம் என்றுகூட ரெண்டு பேர் சொன்னார்கள். நான் சும்மா இருக்கமாட்டாமல், ஒரு சிரிப்புக்காக, "வாசனை போச்சுன்னா வேற வாசனை பூசிக்கிடுங்க. வீட்டுக்கு ஒண்ணு. ரேஷன் கார்டு மாதிரி" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பரமார்த்தலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நல்ல யோசனை" என்றார். என் எழுபத்திரண்டு வயதில் நான் சொன்ன ஒன்றை ஊர் நம்பியது அந்த ஒருதரம்தான்.

நாற்பத்தோரு வீட்டுக்கும் நாற்பத்தோரு வாசனை பிரித்தார்கள். பன்னீரைத் தலைவர் எடுத்துக்கொண்டார். கருவாட்டுக்கு அண்ணன் தம்பிக்குள் அடிதடி. பெருங்காயம், ஓமம், வேப்பெண்ணெய், சாம்பிராணி, தலைவலித் தைலம், பூண்டு என்று ஒவ்வொன்றாகப் போனது. "பினாயிலை எங்க தலையில கட்டிட்டியளே, நாங்க என்ன கக்கூஸா?" என்று சீனியம்மா கூட்டத்தை விட்டு எழுந்தே போனாள். எனக்கு விழுந்தது மண்ணெண்ணெய். அன்றிலிருந்து பீடி பற்றவைக்கும்போது குலதெய்வத்தை நினைத்துக்கொள்வேன்.

ஒரு மாதத்தில் நாய்கள் படித்துக்கொண்டன. அளத்திலிருந்து வருகிறவன் தெருமுனைக் குழாயில் கைகால் கழுவி, மடியில் இருக்கிற பொட்டலத்தைப் பிரித்து, கழுத்திலும் முழங்கையிலும் தேய்த்துக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்புவான். பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைச் சேனை வைக்கும்போதே வீட்டு வாசனையையும் தொட்டுவைத்தார்கள். தாலி கட்டி வருகிற பெண்ணை வாசலில் நிறுத்தி, அவள் பிறந்தவீட்டு ஓமத்தைக் கழுவிவிட்டு, புகுந்தவீட்டுப் பெருங்காயத்தைப் பூசி, நாய்க்கு முன்னால் நிறுத்துவார்கள். நாய் வாலை ஆட்டினால்தான் குலவைச் சத்தம். கண்ணும் பாதி, ரேகையும் இல்லை என்றான பிறகு, போகப்போக நாங்களும் ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாயைப் பார்க்கத் தொடங்கினோம். நாய்க்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது கொஞ்சம், நாயிடம் நாங்கள் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

ஒருதடவை ஓம வீட்டு மாசாணம் குடித்துவிட்டு, பொட்டலம் மாறிப் பூண்டைத் தேய்த்துக்கொண்டு, பூண்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். நாய் வாலை ஆட்டியது. அந்த வீட்டம்மா நிமிர்ந்து பார்க்காமல் மீன்குழம்பு ஊற்றினாள். உண்மையான பூண்டு வீட்டுக்காரன் வியர்வையில் எல்லாம் கரைந்துபோய் வந்து நின்றான், நாய் விழுந்து குரைத்தது. அவன் கொஞ்சநேரம் வாசலில் நின்று யோசித்தான். பிறகு, நமக்குத்தான் வீடு தவறிவிட்டது போலிருக்கிறது என்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். இதைச் சொல்லிச் சொல்லி ரெண்டு வருஷம் சிரித்தோம். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பது ஆவுடைத்தங்கம் வீட்டில் நடந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஆவுடைத்தங்கம் வாசனை பிரித்த கூட்டத்துக்கு வரவில்லை. அன்றைக்கு அவள் மேற்கே நூல் மில் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். புருஷன் அளத்திலேயே மாரடைத்துச் செத்தபிறகு, பதினாறு வயது மகள் செல்வக்கனியை மூன்று வருஷக் கணக்கில் அந்த மில்லுக்கு அனுப்பியிருந்தாள். மூன்று வருஷம் முடிந்தும் மகள் வரவில்லை. "அவ அப்பமே கணக்க முடிச்சிட்டுப் போயாச்சேம்மா" என்றான் வாசல்காரன். எங்கே போனாள், யாருடன் போனாள் என்பதற்கு அவனிடம் பதில் இல்லை. போலீசிலும் இல்லை. வருஷத்துக்கு ரெண்டுதரம் ஆவுடைத்தங்கம் அந்த வாசலில் போய் நின்றுவிட்டு வருவாள், வாசல்காரன் மட்டும் மாறிக்கொண்டே இருந்தான்.

அன்று திரும்பி வந்தவளுக்கு மிஞ்சியிருந்தது கற்பூரம். அதை ஒருத்தரும் கேட்கவில்லை. காற்றுப்பட்டால் கரைந்துபோகிற வாசனை எவனுக்கு வேண்டும்? மணிக்கு ஒருதரம் தேய்க்க வேண்டும். "இருக்கட்டும், சாமி வாசனைதானே" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு வேறு கவலை. அவள் வீட்டு நாய், செல்வக்கனி மில்லுக்குப் போவதற்கு முந்தின வருஷம் வாய்க்கால் கரையிலிருந்து தூக்கிவந்த குட்டி. வருகிற எல்லாரையும் மேலும் கீழும் பார்த்து முறைக்கிறான் என்று அதற்குத் தாசில்தார் என்று பேர்வைத்ததும் செல்வக்கனிதான். அவள் பாவாடைக்குள் தூங்கி வளர்ந்த நாய். "என் மக உப்புல கால வைக்காதவ. அவ மணம் அவகிட்டயே இருக்கும். எனக்குக் கண்ணு தெரியாட்டா என்ன, அவ பஸ்ஸ விட்டு இறங்கையிலயே தாசில்தாரு எனக்குச் சொல்லிருவான்" என்பாள். வாரத்தில் கிடைக்கிற ரெண்டு முட்டையில் ரெண்டும் நாய்க்குத்தான். அதற்குச் சளி பிடித்தால், மூக்கு அடைத்துக்கொண்டதே என்று இவள் சோறு இறங்காமல் கிடப்பாள். நாய்க்குப் பத்து வயது ஆகியிருந்தது. நாய்க்குப் பத்து என்றால் என்ன என்று அவளிடம் சொல்லுகிற தைரியம் ஊரில் யாருக்கும் இல்லை.

மகள் போய் ஒன்பதாவது வருஷம், ஒரு புரட்டாசி மத்தியானம், பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. வாய்க்கால் பாலத்தைத் தாண்டினதும் நாற்பது நாயும் ஒரேயடியாகக் குரைத்தன. நான் டீக்கடையில் இருந்தேன். எனக்கும் முகம் வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்தது. ஆனால் நடை தெரிந்தது. குதிகாலை முதலில் ஊன்றி, பாதத்தை மெல்ல இறக்கி, ஒரு நொடி நின்று அடுத்த காலை எடுக்கிற நடை. செத்துப்போன அவள் அப்பன் பாத்தி மிதிக்கையில் அப்படித்தான் நடப்பான். ஒத்தவாய்க்காலில் வேறு எவனும் அப்படி மிதித்ததில்லை.

"ஏ மாதவா, செல்வக்கனி வந்துட்டாடே!" என்று கத்தினேன்.

"போன மாசம் கடல்ல ஒரு மீனு ஒம்ம பேரச் சொல்லிக் கூப்பிட்டுதுன்னீரே, அந்த வாயிதானே இது?" என்றார் மாதவன், ஆற்றுகிற டீயிலிருந்து கண்ணை எடுக்காமல். கடையில் எல்லாரும் சிரித்தார்கள்.

"நாயப் பாரும் பாட்டையா. ஒரு நாயாவது வால ஆட்டுதா?" என்றான் கொம்பையா.

ஒரு நாயும் ஆட்டவில்லை. எப்படி ஆட்டும்? மில்லில் பஞ்சு பறக்கிற காற்றை மூச்சுவிட்டு, விடுதியில் முந்நூறு பெண்களோடு ஒரே சோப்பில் குளித்து, பிறகு எங்கெங்கேயோ அடைபட்டுக் கிடந்து, அவள் வாசனையைப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு உப்பு எடுத்ததுபோல. அது எங்களுக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் போய்ச் சேருவதற்குள் அவள் வாசலில் நின்றாள். ஆவுடைத்தங்கம் முறத்தோடு எழுந்துவிட்டாள், முகமெல்லாம் காதாக. தாசில்தார் மெதுவாக எழுந்தது, கழுத்தை நீட்டியது, முகர்ந்தது, நெடுநேரம் முகர்ந்தது. பிறகு பல்லைக் காட்டிக்கொண்டு குரைத்தது.

"யாரும்மா அது?" என்றாள் ஆவுடைத்தங்கம். அவள் குரலில் இருந்து என்னமோ ஒன்று இறங்கிப் போய்விட்டது.

"நான்தாம்மா. கனி." பஞ்சு தின்ற தொண்டை. ரம்பம்போல் வந்தது குரல்.

"எந்தக் கனி?"

"என்னம்மா கேக்க? நான்தான். டேய் தாசில்தாரு, என்னத் தெரியலையாடா?" அவள் குனிந்து கையை நீட்டினாள். நாய் கையைக் கவ்வப் பாய்ந்தது.

பினாயில் வாசத்தோடு சீனியம்மா வந்து சேர்ந்தாள், தெருவும் வந்து சேர்ந்தது. ஆவுடைத்தங்கம் கேட்டாள்: அப்பா செத்தது எந்தக் கிழமை? வெள்ளிக்கிழமை. மில்லுக்குப் போகையில் நான் பெட்டியில் என்ன வைத்துவிட்டேன்? கருப்பட்டியும் மஞ்சள் தாவணியும். வலது முழங்காலில் என்ன? வாய்க்கால் கரையில் கண்ணாடித் துண்டு கிழித்த தழும்பு.

"தழும்ப எவளும் போட்டுக்கிடலாம் மதினி. மத்தது ஊருக்கே தெரிஞ்ச கத. நீங்கதான் மில்லு வாசல்ல நின்னு ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லி அழுதிருக்கியளே" என்றாள் சீனியம்மா. அவள் கெட்டவள் இல்லை. ஏமாந்துவிடக் கூடாதே என்கிற பதற்றம்தான் அவளுக்கு.

"அவ நடையப் பாருங்கட்டி, அப்பன் நட!" என்றேன்.

"பாட்டையா, ஒமக்குப் புண்ணியமாப் போகும், செத்த சும்மா இரியும்" என்று ஆவுடைத்தங்கம் கையெடுத்துக் கும்பிட்டாள். நாற்பது வருஷமாக ஊரைச் சிரிக்கவைத்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி அந்தக் கும்பிடு.

ஆனாலும் வெயிலில் நிற்கிற பெண்ணை எப்படி விரட்டுவாள்? "யாரு பெத்ததோ, உள்ள வா" என்றாள். நாய் விட்டால்தானே? மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்து நசுக்கி, அந்தப் பெண்ணின் கழுத்தில் தேய்த்தாள், முழங்கையில் தேய்த்தாள், உள்ளங்கையில் தேய்த்தாள். தாசில்தார் குரைப்பதை நிறுத்தியது. வாலை ஆட்டியது. முனகிக்கொண்டு அந்தக் கையை நக்கியது. ஒன்பது வருஷமாக ஆவுடைத்தங்கம் கேட்கக் காத்திருந்த முனகல் அதேதான். அவள் மிச்சக் கற்பூரத்தை மடியில் முடிந்துகொண்டாள்.

"இப்ப எவ வந்து நின்னாலும் இப்படித்தான் ஆட்டுவான்" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

சோறு போட்டாள். பாய் விரித்துக் கொடுத்தாள். சாயங்காலம் அந்தப் பெண் வந்து, கேட்காமல், ஆவுடைத்தங்கத்தின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மில் விடுதியில் விளக்கணைத்த பிறகு அவள் தன்னைத் தேற்றிக்கொண்டதெல்லாம் ஒரே ஒரு மணத்தை நினைத்துத்தானாம். வெற்றிலையும் வேர்வையும் ஈரச்சேலையுமாக, அம்மா என்றால் அந்த மணம். அடைபட்டுக் கிடந்த இடத்திலிருந்து சுவரேறிக் குதித்ததும் அதைத் தேடித்தானாம். மடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினாள். கற்பூரம் மட்டும் இருந்தது. கற்பூரத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

"ஒங்க மணம் எங்கம்மா?" என்று கேட்டாள்.

"அத உப்பு கொண்டு போயிட்டு" என்றாள் ஆவுடைத்தங்கம்.

அந்தப் பெண் மெதுவாகத் தலையை எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் அம்மா என்று கூப்பிடவில்லை என்று சீனியம்மா சொன்னாள்.

காலையில், "நான் கெளம்புதேன்" என்றாள். ஆவுடைத்தங்கம், "வெறும் வயித்தோட போவாத" என்று பழையது போட்டுக் கொடுத்தாள். தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். விடிந்ததும் ஆவுடைத்தங்கம் தேய்த்துவிட்ட கற்பூரம் கழுத்தில் இருந்ததால் தாசில்தாரும் வாலை ஆட்டிக்கொண்டு கூடவே வந்தது.

நான் அளத்து வரப்பில் குறுக்கே போய் மறித்தேன். "ஏட்டி கனி, போவாத. அது ஒங்க அம்மதான். நீ அவ மகதான். எனக்குத் தெரியும்."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "பாட்டையா, நான் சின்னப்பிள்ளையா இருக்கையில, நெலா தேஞ்சு விழுந்த தூளுதான் உப்புன்னு சொன்னீங்க. எத்தன வருசம் நம்பியிருந்தேன் தெரியுமா?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "இப்பமாவது நெசம் சொல்லுங்க. மொகமும் கொரலும் அம்மயாட்டம் இருக்கு, மணம் மட்டும் இல்ல. எங்க அம்ம எப்பச் செத்தாங்க? அந்த வீட்ல இருக்கது யாரு?"

நான் சத்தியம் செய்தேன். தலையில் அடித்துச் செய்தேன். புளுகனைப் பார்த்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு மாறவே இல்லை. குனிந்து என் காலைத் தொட்டுவிட்டு நடந்தாள். குதிகாலை ஊன்றி, பாதத்தை இறக்கி, ஒரு நொடி நின்று.

வாய்க்கால் பாலத்துக்கு இந்தப்பக்கம் ரெண்டாவது மடை இருக்கிறதே, அங்கே கடல் காற்று நேராக அடிக்கும். அது வரைக்கும் நாய் அவள் கால்மாட்டிலேயே உரசிக்கொண்டு போனது. மடையைத் தாண்டினதும் அதன் நடை தயங்கியது. கற்பூரம் எவ்வளவு நேரம்தான் நிற்கும்? தாசில்தார் நின்றது. அவளை அண்ணாந்து பார்த்தது. முதுகு மயிரெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. பிறகு, முன்பின் பார்த்திராத ஒருத்தியைத் தன் எல்லையில் கண்டதுபோல, மூச்சுவிடாமல் குரைக்கத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்க்காமல் பாலத்தில் ஏறிவிட்டாள்.

அந்தக் குரைப்பு வெள்ளைப் பாத்திகளுக்கு மேலாக ஊர் வரைக்கும் கேட்டது. வாசலில் நின்றிருந்த ஆவுடைத்தங்கம் முழுக்கக் கேட்டாள்.

"கேட்டியா சீனி," என்றாள், "எவ்வளவு தூரம் கூடப் போயும் கடேசியில அவன் சொல்லிட்டான் பாரு. அவ இல்ல. எம் மக இனிமத்தான் வரணும்."

பிறகு, நாய் திரும்பி வரும்போது தன்னைக் கடித்துவிடக் கூடாதே என்று, கற்பூரத்தை நசுக்கிக் கழுத்தில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.